பாட்டிலிருந்து தாளுக்கு: ராக் டிரம்ஸை நொட்டேஷனாக எழுதும் வழி

ஒரு ராக் பாட்டின் டிரம்ஸை முதன்முதலாக எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பாட்டைப் போடுவார்கள், இரண்டு நொடியில் நிறுத்துவார்கள், காதில் விழுந்த எல்லாவற்றையும் அப்படியே இசைத்தாளின் ஐந்து கோட்டின் மேல் ஏற்றப் பார்ப்பார்கள். ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) திறந்திருந்ததா மூடியிருந்ததா, அந்தக் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுந்தது, நடுவில் கேட்டது ஸ்நேரா (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) கிட்டாரா என்று யோசிப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும். தாளில் ஒன்றரை பார் (பெரும்பாலும் நான்கு பீட், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, கொண்ட ஒரு சுற்று) இருக்கும். அலுத்துப்போய் எழுந்துவிடுவார்கள்.

அவர்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. வரிசைதான் தவறு. நான் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் பாட்டுகளை எழுதித் தருவது என் வேலையில் பெரிய பங்கு. நான் பின்பற்றும் வரிசையை இங்கே சொல்கிறேன். சாதாரண ராக் பீட் ஒன்றை வாசிக்கத் தெரிந்து, குவார்ட்டர் நோட், எய்ட்த் நோட், சிக்ஸ்டீன்த் நோட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் பக்கத்தைப் பார்த்து ஒரு மாணவர் கிட்டில் (டிரம்ஸ் தொகுப்பில்) உட்கார்ந்து வாசிக்கப்போகிறார். எதை எழுதுவது, எதை விடுவது, எப்படிக் கோப்பது என்ற ஒவ்வொரு முடிவையும் அவரை நினைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் பாட்டு

வாயால் சொல்லிக் காட்ட முடிகிற பாட்டை எடுங்கள். 'டும் டக் டுடும் டக்' என்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வாயில் வராதது கையில் வராது, தாளிலும் வராது.

ஆரம்பத்துக்கு நான் அடிக்கடி கொடுப்பது தி வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003). டிரம்மர் மெக் வைட் அதில் கிக்கையும் ஃப்ளோர் டாமையும் (தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்) வைத்துச் சீராக, பீட்டுக்கு ஒரு அடியாகத் தொடங்குகிறார். ஸ்நேரும் சிம்பலும் பிறகுதான் வருகின்றன. எழுத வேண்டிய அடிகள் குறைவு. ஆனால் எந்த இடத்தில் என்ன மாறுகிறது என்று கவனிக்க நிறைய இருக்கிறது. முதல் பயிற்சிக்கு இது போதும்.

மேடை நிகழ்ச்சிப் பதிவுகள், டபுள் பெடல் வைத்து வேகமாக ஓடும் மெட்டல் பாட்டுகள், மூன்று நிமிட டிரம் சோலோக்கள் இவற்றையெல்லாம் ஓர் ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

வேண்டிய சாமான்கள்

காதை மூடி உட்காரும் நல்ல ஹெட்போன், பென்சில், ரப்பர், கட்டம் போட்ட நோட்டு, ஒரு ஜோடி ஸ்டிக். கணினியில் ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம், ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடலாம். எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர், அதுவும் இலவசம். அவசரத்துக்கு யூடியூபிலேயே வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம்.

டெமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் ஒரு பாட்டிலிருந்து டிரம்ஸை மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. பெரிய உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பிரித்தெடுத்த ஒலியை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். பாடகரின் 'ஸ்' ஒலி கசிந்து வந்து ஹை-ஹாட் போலக் கேட்கும். கிட்டாரை அமுக்கி உரசும் சத்தம் ஸ்நேரின் மெல்லிய அடி போலத் தோன்றும். உண்மையிலேயே இருக்கும் மெல்லிய அடிகளோ சில இடங்களில் காணாமல் போயிருக்கும். சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டுக்குத் திரும்புங்கள்.

இன்னொரு பழைய வழியும் இருக்கிறது. 1960-களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் டிரம்ஸை முழுக்க ஒரு பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஒரு காதை எடுத்துவிட்டுக் கேட்டால் போதும், பாதிக் குழு அடங்கிவிடும்.

எழுதாமல் கேட்பது

முதல் இரண்டு மூன்று தடவை ஒரு நோட்டும் எழுத வேண்டாம். பாரை மட்டும் எண்ணுங்கள். '1 2 3 4, 2 2 3 4, 3 2 3 4' என்று பாரின் முதல் எண்ணை மாற்றிக்கொண்டே போனால் கணக்கு தவறாது. தாளில் பாட்டின் அமைப்பு மட்டும் வரட்டும்: தொடக்கம் 8 பார், சரணம் 16, கோரஸ் 8, இப்படி. பக்கத்திலேயே நிமிடம், நொடியையும் குறித்துவிடுங்கள். ராக் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு, எட்டு, பதினாறு என்றுதான் நகரும். உங்கள் கணக்கில் 7 அல்லது 9 வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அதே எண்ணிக்கை வந்தால் அது நிஜம். அந்த இடத்தைப் பெரிதாக வட்டம் போட்டு வையுங்கள், மாணவர் தடுக்கி விழப்போவது அங்கேதான்.

எல்லாப் பாட்டும் நான்கில் இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' (1973) பெரும்பகுதி ஏழு பீட்டில் போகிறது, கிட்டார் சோலோ வரும்போது நான்குக்கு மாறுகிறது. கால் தட்டிக்கொண்டே கேட்கும்போது திடீரென்று ஒரு பீட் மிஞ்சுவது போலவோ குறைவது போலவோ பட்டால் உங்கள் காலை நம்புங்கள்.

அப்புறம் டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம். பாட்டோடு தட்டிப் பார்த்து எண்ணை எடுக்கலாம். ஆனால் 70-ஆ 140-ஆ என்ற குழப்பம் வரும். லெட் ஸெப்பலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (1971) பாட்டை 70 சொச்சத்தில் எண்ணலாம், அதன் இரட்டிப்பிலும் எண்ணலாம். கணக்கில் இரண்டும் தவறில்லை. ஸ்நேரின் கனமான அடி 2-லும் 4-லும் விழும்படி எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால் இந்தப் பாட்டு மெதுவானது என்று பக்கத்தைப் பார்த்தவுடனே மாணவருக்குப் புரியும். இரட்டிப்பு எண்ணில் எழுதினால் அதே பாட்டு இரண்டு மடங்கு பக்கம் பிடிக்கும், அதன் நடையும் கண்ணுக்குத் தெரியாது.

மெட்ரோனோம் இல்லாமல் பதிவான பழைய பாட்டுகளில் டெம்போ ஒரே இடத்தில் நிற்காது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' (1969) தொடங்கிய வேகத்தில் முடிவதில்லை, போகப் போக ஏறுகிறது. அதை மென்பொருளின் கட்டத்துக்குள் நெருக்கி உட்கார வைக்காதீர்கள். தொடக்க வேகத்தை எழுதி, பக்கத்தில் 'ஏறத்தாழ' என்று போட்டுவிட்டால் போதும்.

'ஒன்று' எங்கே இருக்கிறது

தொடக்க காலத்தில் ஒரு பாட்டு முழுவதையும் அரை பீட் தள்ளி எழுதினேன். அது கிட்டார் ரிஃப்போடு (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) தொடங்கும் பாட்டு. ரிஃப்பின் முதல் நோட்டையே 1, அதாவது பாரின் முதல் பீட், என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது 1-க்கு அரை பீட் முன்னால் வரும் நோட். அதனால் ஸ்நேர் எல்லாம் 2-ஐயும் 4-ஐயும் தாண்டி அடுத்த அரை பீட்டில் விழுந்தன. வித்தியாசமான க்ரூவ் (தாள நடை) என்று நம்பி நான்கு பக்கம் எழுதி முடித்தேன். மாணவர் வாசிக்க உட்கார்ந்தபோதுதான், அவரால் எண்ணவே முடியாமல் போனபோதுதான், தவறு தெரிந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம். பாட்டின் முதல் நொடியில் 1-ஐத் தேடுவதில்லை. முழுக் குழுவும் வாசிக்கிற ஒரு கோரஸின் நடுவுக்குப் போகிறேன். அங்கே கிராஷ் (அழுத்தத்துக்கு அடிக்கும் பெரிய சிம்பல்), கிக், பேஸ் கிட்டாரின் மூல நோட், கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாற்றம் எல்லாம் சேர்ந்து விழும் இடம் 1. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாட்டின் தொடக்கத்துக்கு வருகிறேன். முதல் நோட் 1-க்கு முன்னால் இருந்தால் அது தானாகத் தெரிந்துவிடும்.

ஸ்நேர், அப்புறம் கிக், கடைசியில் ஹை-ஹாட்

இப்போது கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். ஒரு பாருக்குப் பதினாறு கட்டம், பீட்டுக்கு நான்கு. மேற்கத்திய ஆசிரியர்கள் அதை 'ஒன் ஈ அண்ட் அ' என்று எண்ணச் சொல்வார்கள். நமக்கு 'தகதிமி' இருக்கிறது. நான்கு அசையும் ஒரே அளவில், வேகமாகச் சொன்னாலும் நாக்கு பிசகாமல் வருவதால் எனக்கு இதுதான் வசதி. எது வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குவதற்காக நானே போட்ட ஒரு பார் இது:

பீட் 1: த க தி மி | பீட் 2: த க தி மி | பீட் 3: த க தி மி | பீட் 4: த க தி மி
ஹை-ஹாட்: × · × · | × · × · | × · × · | × · × ·
ஸ்நேர்: · · · · | ● · · · | · · · · | ● · · ·
கிக்: ● · · · | · · · ● | · · ● · | · · · ·

முதலில் ஸ்நேரை மட்டும் கேட்டு நிரப்புங்கள். அதுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்கும், பாரின் சட்டமும் அதுதான். 2-லும் 4-லும் இருக்கிறதா, இல்லை 3-இல் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். 3-இல் மட்டும் என்றால் அது ஹாஃப் டைம், பாதி வேகம் போலக் கேட்கும் நடை.

அடுத்தது கிக். நேரம் பிடிக்கும் வேலை இதுதான். கிக்கின் கனமான பகுதி 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது, பேஸ் கிட்டாரும் அதே பக்கத்தில்தான் நடமாடுகிறது. அதனால் பேஸ் கிட்டாரின் நோட்டையெல்லாம் கிக் என்று எழுதிவிடும் தவறு எல்லாருக்கும் நேர்கிறது. கிக் பெடலின் சுத்தியல் (பீட்டர்) தோலில் படும் 'டிக்' சத்தமோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஈக்வலைசரில் (ஒலியின் கனமான, கூர்மையான பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) கீழ்ப்பகுதியைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். கனம் போய்விடும், 'டிக்' நிற்கும், கிக் எது பேஸ் எது என்று பிரிந்துவிடும். சில சமயம் விலை உயர்ந்த ஹெட்போனைவிடச் சாதாரண செல்போன் ஸ்பீக்கரில் கிக் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான்.

கிக் எந்தக் கட்டம் என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: அது ஹை-ஹாட்டோடு சேர்ந்து விழுகிறதா, இரண்டு ஹை-ஹாட்டுக்கு நடுவில் விழுகிறதா? மேலே உள்ள பாரில் இரண்டாவது பீட்டின் 'மி'-யில் வரும் கிக்கைப் பாருங்கள். புதியவர்கள் அதை 'தி'-யிலோ மூன்றாவது பீட்டின் 'த'-விலோ எழுதுவார்கள். அந்த இரண்டு இடத்திலும் ஹை-ஹாட் இருக்கிறது. 'மி'-யில் இல்லை. கிக் தனியாகக் கேட்டால், அதற்கு அடுத்து உடனே ஒரு ஹை-ஹாட் வந்தால், அது 'மி'தான். வேகத்தைப் பாதியாக்கி இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு கேளுங்கள். பத்தில் எட்டு சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்படி ஒரு பார் கிடைத்ததும் அடுத்த மூன்று பாரையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் பாரை அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிடத் தோன்றும். ராக் டிரம்மர்கள் பலர் இரண்டு பார் அல்லது நான்கு பார் நீளத்துக்கு யோசிக்கிறார்கள். இரண்டாவது பாரில் ஒரு கிக் கூடியிருக்கும், நான்காவதில் ஒன்று குறைந்திருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பாட்டின் நடையே இருக்கும்.

இரண்டு கை, இரண்டு கால்

ஹை-ஹாட்டையும் சிம்பலையும் நிரப்பும்போது கண்ணை மூடி, டிரம்மரின் உடம்பை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டு கை, இரண்டு கால். ஒரு கட்டத்தில் ஸ்நேர், டாம், ஹை-ஹாட் மூன்றையும் ஸ்டிக்கால் அடித்ததாக எழுதியிருந்தால் மூன்று கை தேவைப்படுகிறது. எங்கோ தவறாகக் கேட்டிருக்கிறீர்கள், அல்லது ஸ்டுடியோவில் பிறகு சேர்த்த ஒலி ஒன்று கலந்திருக்கிறது. டம்பரின், ஷேக்கர் இரண்டும் இதில் பெரிய ஏமாற்றுக்காரர்கள். கோரஸில் ஹை-ஹாட் திடீரென்று சிக்ஸ்டீன்த் நோட்டாக ஓடுவது போலக் கேட்டால் அது பெரும்பாலும் ஷேக்கர்தான்.

கிராஷ் விழும் கட்டத்தில் ஹை-ஹாட்டை எழுத வேண்டாம். அந்தக் கை அப்போது கிராஷில் இருக்கிறது. கிராஷோடு கிக்கோ ஸ்நேரோ சேர்ந்து விழுவதுதான் வழக்கம், அதனால் கிராஷ் கேட்ட இடத்தில் கீழே என்ன விழுகிறது என்று கட்டாயம் தேடுங்கள்.

பழக்கம் காதை எப்படி ஏமாற்றும் என்பதற்கு சார்லி வாட்ஸைச் சொல்லலாம். ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மரான அவர், ஸ்நேரை அடிக்கும்போது ஹை-ஹாட்டை அடிக்காமல் கையைத் தூக்கிவிடுவார். 2-லும் 4-லும் ஸ்நேர் மட்டும் தனியாக ஒலிக்கும். ஹை-ஹாட் எட்டும் சீராக இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதால் அங்கே இல்லாத ஒலியைக் காது தானே போட்டுக்கொள்கிறது, கை அதை எழுதிவிடுகிறது. அப்படி எழுதி, மாணவரும் அப்படியே வாசித்தால், எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பாட்டு மாதிரியே இருக்காது. நான் எழுதும் ஒவ்வொரு பாட்டிலும் ஸ்நேர் விழும் கட்டங்களை மட்டும் தனியாக ஒரு தடவை கேட்கிறேன், ஹை-ஹாட் கூட இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும்.

அதே போல பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். அவர் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களுக்காக அமைத்த கிட்டில் வாசித்தவர். அவருடைய ஃபில்கள் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வரும் சின்ன நிரப்பு வாசிப்புகள்) டாம்களின் மேல் நாம் எதிர்பார்க்கும் வரிசையில் நகராததற்கு இது ஒரு காரணம். 'இப்படியா போவார்கள்?' என்று தோன்றினாலும் கேட்டதைத்தான் எழுத வேண்டும்.

அறையையும் கருவியையும்கூடக் கணக்கில் எடுக்க வேண்டிய பாட்டுகள் உண்டு. 'வென் தி லெவி பிரேக்ஸ்' பதிவுக்காக லெட் ஸெப்பலினின் டிரம்மர் ஜான் போனமின் கிட்டை இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ், மாடியிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளை வைத்துப் பிடித்தார். அதோடு பின்சன் என்ற எதிரொலிக் கருவியையும் சேர்த்தார்கள். அந்தப் பாட்டில் ஓர் அடிக்குப் பின்னால் மெல்லிதாக இன்னொன்று கேட்டால் அது கையா காலா என்று தேடுவதற்கு முன், எதிரொலியாக இருக்குமா என்று யோசியுங்கள். எதிரொலி எல்லா அடிக்கும் பின்னால் ஒரே இடைவெளியில் வரும். கை அடிக்கும் அடி சில இடத்தில் வரும், சில இடத்தில் வராது.

மெல்லிய அடிகளும் ஃப்ளாமும்

ஸ்நேரின் பெரிய அடிகளுக்கு நடுவே, தோலைத் தொட்டும் தொடாமலும் விழும் அடிகளை கோஸ்ட் நோட் என்பார்கள். தாளில் அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். முதல் சுற்றில் இவற்றை விட்டுவிடுங்கள். எலும்பு சரியாக நின்ற பிறகு திரும்பி வந்து சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல பாடம் டோட்டோ குழுவின் 'ரோஸன்னா' (1982). டிரம்மர் ஜெஃப் போர்காரோ. அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிளையும் (பீட்டை மூன்றாகப் பிரித்து ஊசலாடும் நடை), லெட் ஸெப்பலினின் 'ஃபூல் இன் தி ரெயின்' பாட்டில் போனம் வாசித்ததையும் வைத்துத்தான் அந்த க்ரூவை உருவாக்கியதாக அவரே விளக்கியிருக்கிறார். இங்கே 'தகதிமி' உதவாது, ஒவ்வொரு பீட்டும் 'தகிட' என்று மூன்றாகப் பிரிகிறது. ஹை-ஹாட் 'த'-விலும் 'ட'-விலும், நடுவில் காலியாக இருக்கும் 'கி'-யில் ஸ்நேரின் மெல்லிய அடி, 3-ஆவது பீட்டில் ஸ்நேரின் பெரிய அடி. மெல்லிய அடிகள் ஒவ்வொன்றும் காதுக்குத் தனியாகக் கேட்காமல் போகலாம். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் பாட்டு உருளாது, நடக்கும். அதனால் கேட்டதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வாசித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

ஃப்ளாம் என்பது இரண்டு கையும் நூல் இழை இடைவெளியில் விழும் இரட்டை அடி. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991) பாட்டில் முழுக் குழுவும் நுழையும் இடத்தில் டேவ் க்ரோல் ஸ்நேரில் ஃப்ளாமும் கிக்கும் மாற்றி மாற்றி வாசிப்பதைக் கேளுங்கள். சாதாரண அடியைவிட அகலமாக, 'ட்ரக்' என்று கேட்கும். அதைத் தாளில் பெரிய நோட்டுக்கு முன்னால் ஒரு சின்ன நோட்டாகப் போடுவார்கள். அதற்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

ஃபில்லை எழுதுவது

ஃபில் கேட்டால் பயப்பட வேண்டாம். அது முடிந்து விழும் 1-ஐ முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். எந்த பீட்டில் தொடங்கியது என்று தெரிந்தால் நீளம் தெரிந்துவிட்டது. அப்புறம் எந்த டாம் என்று பார்க்காமல் மொத்தம் எத்தனை அடி என்று மட்டும் எண்ணுங்கள். ஒரு பீட்டில் நான்கா, மூன்றா, ஆறா? எண்ணிக்கை தெரிந்த பிறகு ஒலி மேலிருந்து கீழே எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில்தான் டாம் மாறுகிறது. எண்ணிக்கையும் டாமும் ஒரே நேரத்தில் பிடிக்க முயன்றால் இரண்டும் நழுவும்.

அடிகளுக்கு நடுவே ஒரு கனமான ஒலி சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் கால் கலந்திருக்கிறது என்று அர்த்தம். போனமின் ஃபில்களில் இரண்டு கை அடி, ஒரு கிக் என்ற மூன்று அடிச் சுழற்சி பிரசித்தம். அதைக் கையால் மட்டும் வாசித்ததாக எழுதினால் மாணவர் அந்த வேகத்தை எட்டவே முடியாது.

ஐந்து கோட்டுக்கு மாற்றுவது

டிரம்ஸ் நொட்டேஷனில் ஒரே சட்டம் கிடையாது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கொஞ்சம் மாறும். 1998-இல் நார்மன் வைன்பெர்க் என்பவர் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற தாளவாத்தியக் கலைஞர்கள் அமைப்புக்காக ஒரு பொதுமுறையைத் தொகுத்தார். அதை ஒட்டிய அமைப்பைப் பலரும் பின்பற்றுகிறார்கள். கீழிருந்து மேலாக நான் எழுதுவது இப்படி: முதல் இடைவெளியில் கிக், இரண்டாவதில் ஃப்ளோர் டாம், மூன்றாவதில் ஸ்நேர், நான்காவது கோட்டில் நடு டாம், நான்காவது இடைவெளியில் சின்ன டாம். சிம்பல்களுக்குத் தலை × குறி. மேல் கோட்டில் ரைடு (தாளத்தைத் தொடர்ந்து ஓட்ட உதவும் பெரிய சிம்பல்), அதற்கு மேலே ஹை-ஹாட், இன்னும் மேலே சின்னக் கோடு ஒன்று போட்டு அதன்மேல் கிராஷ். காலால் மூடும் ஹை-ஹாட் எல்லாக் கோட்டுக்கும் கீழே. திறந்த ஹை-ஹாட்டுக்கு நோட்டின் மேல் ஒரு சின்ன வட்டம், மூடும் இடத்தில் கூட்டல் குறி. இவ்வளவையும் முதல் பக்கத்தின் தலையில் ஒரு விளக்க வரியாகப் போட்டுவிடுங்கள். மாணவர் வேறு புத்தகத்தில் வேறு அமைப்பைப் பார்த்துப் பழகியிருக்கலாம்.

கையால் வாசிப்பதற்குத் தண்டு (நோட்டின் செங்குத்துக் கோடு) மேலே, காலால் வாசிப்பதற்குத் தண்டு கீழே என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், எல்லாத் தண்டையும் மேலே சேர்த்தும் எழுதலாம். ஆரம்ப மாணவர்களுக்கு நான் சேர்த்தே எழுதுகிறேன். ஹை-ஹாட்டின் × குறிக்கு நேர் கீழே கிக் நிற்பதைப் பார்த்தவுடனே 'இரண்டும் சேர்ந்து' என்று கைக்குப் புரிந்துவிடும். பிரித்து எழுதினால் காலுக்குத் தனியாக ஓய்வுக் குறிகள் நிறைய வந்து கண்ணை உறுத்தும்.

டிரம்ஸ் அடி பியானோ நோட் போல நீண்டு நிற்பதில்லை. அதனால் நோட்டின் நீளத்தை, பீட் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பீட்டும் தனிக் கட்டாக இருக்கட்டும். நோட்டுகளைச் சேர்க்கும் கோடு பீட்டைத் தாண்டிப் போனால், எழுதியது கணக்கில் சரியாக இருந்தாலும் படிக்க முடியாது.

மாணவருக்கு ஏற்ற பக்கம்

ஒரு வரியில் நான்கு பார். சரணம், கோரஸ் ஒவ்வொன்றும் புதிய வரியில் தொடங்கட்டும், மேலே பெயரும் இருக்கட்டும். அப்படியே திரும்ப வரும் பாருக்கு மறுபடி எழுதாமல் திரும்பல் குறி போடுங்கள். ஆனால் எட்டுப் பாருக்கும் அதே குறியாக இருந்தால் மாணவர் எத்தனையாவது பாரில் இருக்கிறார் என்று தொலைத்துவிடுவார். நான்காவது, எட்டாவது பாரின் மேல் சின்னதாக எண்ணைப் போட்டுவிட்டால் நல்லது.

கஷ்டமான முடிவு ஒன்று இருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டில் டிரம்மர் ஒரே ஒரு தடவை ஒரு கிக்கைக் கூடுதலாக வாசித்திருக்கிறார். எழுதுவதா? எல்லாவற்றையும் எழுதினால் எந்த இரண்டு பாரும் ஒன்றாக இருக்காது, பக்கம் கறுப்பாகிவிடும், பாட்டின் அடிப்படை க்ரூவ் எது என்றே மாணவருக்குத் தெரியாமல் போகும். எதையும் எழுதாவிட்டால் அது அந்த டிரம்மர் வாசித்ததே அல்ல. நான் இரண்டு பக்கமாக எழுதுகிறேன். முதல் பக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படை க்ரூவ், பாட்டின் அமைப்பு, குழு முழுவதும் சேர்ந்து அடிக்கும் இடங்கள், இவை மட்டும். இதை வைத்து மாணவர் முதல் வாரத்திலேயே பாட்டோடு முழுதாக வாசித்துவிடலாம். இரண்டாவது, கேட்ட எல்லாம் உள்ள முழுப் பிரதி. முதல் பக்கம் கைக்கு வந்த பிறகுதான் அதைக் கொடுக்கிறேன். ரெக்கார்டிங்கில் உள்ள அடியை எளிமையாக்கியிருந்தால் அந்தப் பாரின் மேல் 'எளிமையாக்கியது' என்று எழுதிவிடுவது முக்கியம். தான் வாசிப்பதுதான் பாட்டில் இருக்கிறது என்று மாணவர் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

ஃபில்களில் எந்தக் கை முதலில் என்பதைக் குழப்பம் வரும் இடத்தில் மட்டும் நோட்டுக்குக் கீழே 'வ', 'இ' என்று குறிக்கிறேன். வீடியோவில் பார்த்து உறுதி செய்திருந்தால் அப்படியே. இல்லாவிட்டால் அது என் யோசனை என்று சொல்லிவிடுகிறேன்.

சரிபார்த்தல்

மியூஸ்ஸ்கோரை வாசிக்க விட்டுக் கேட்பது முதல் படி. காணாமல் போன பார், தவறான கோட்டில் உட்கார்ந்த டாம் போன்றவை உடனே தெரியும். ஆனால் அது இயந்திரம் போலச் சீராகத்தான் வாசிக்கும், க்ரூவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நம்பகமான சோதனை, எழுதியதை மட்டும் பார்த்து ரெக்கார்டிங்கோடு சேர்ந்து வாசிப்பது. பாட்டின் சத்தமும் உங்கள் கிட்டின் சத்தமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கட்டும். எழுதியது சரி என்றால் உங்கள் அடி ரெக்கார்டிங்கின் அடிக்குள் கரைந்துவிடும். தவறு என்றால் அந்த இடத்தில் அடி இரண்டாகக் கேட்கும். கிட் பக்கத்தில் இல்லையா, தொடையிலும் தரையிலும் தட்டிப் பார்த்தால்கூடத் தெரியும். ஒரு நாள் விட்டு மறுநாள் செய்யுங்கள். அன்றைக்கே செய்தால் காது எழுதியதையே கேட்கும்.

அப்புறம் அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பெரும்பாலும் தவறு எழுத்தில்தான் இருக்கும்.

பாட்டின் உரிமை வேறொருவருடையது என்பதால், எழுதியதை விற்பதற்கும் எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பதற்கும் முன்னால் பாட்டின் பதிப்பு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாகப் பக்கத்தின் தலைப்பு. பாட்டு, குழு, டிரம்மரின் பெயர், ஆல்பம், ஆண்டு, டெம்போ எல்லாம் இருக்கட்டும். எந்தப் பதிவிலிருந்து எழுதினீர்கள் என்பதும் இருக்கட்டும்: ஆல்பத்தில் வந்ததா, சிங்கிளாக வந்ததா, பிறகு சுருக்கியதா என்று. ஒரே பாட்டுக்கு நான்கு பார் குறைந்த பதிவு ஒன்று இருக்கும், மாணவர் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு வாசித்து, இரண்டாவது கோரஸில் தொலைந்துபோவார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முதல் நாள் குறித்த நிமிடம், நொடியை எழுதிவிட்டால் எங்கே பிரிந்தது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.